குதிரை லாயத்தில் பிறந்த தாமரை கார்: காலின் சாப்மன் வாழ்க்கை

தாமரை என்றதும் நமக்குக் குளம் நினைவுக்கு வரும். கோவில் நினைவுக்கு வரும். ஆனால் இங்கிலாந்தில் உள்ள கார் பிரியர்களுக்கு, தாமரை என்றதும் ஒரு மோட்டார் காரே நினைவுக்கு வரும்.

தாமரைக்கு ஆங்கிலத்தில் லோட்டஸ் என்று பெயர். அந்தப் பெயரில் கார்கள் செய்து உலகப் புகழ் பெற்றவர் காலின் சாப்மன். ஏன் இந்தப் பெயரை வைத்தார் என்பதை மட்டும் அவர் கடைசி வரை வெளியே சொல்லவில்லை.

அவர் தொழிலைத் தொடங்கியபோது கையில் பணம் இல்லை. தொழிற்சாலையும் இல்லை. விற்க முடியாத ஒரு பழைய கார், ஒரு கொட்டகை, காதலி கொடுத்த கடன் இவைதான் அவருடைய முதல். எந்தக் காருக்கு எந்த என்ஜின் பொருந்தும், அதற்கு எந்த கியர் பெட்டி பொருந்தும் என்று கணக்குப் பார்க்கத் தெரிந்த மூளையே அவரை உயர்த்தியது.

விலை போகாத கார்

காலின் சாப்மன் 1928-ம் ஆண்டு மே மாதம் 19-ந் தேதி லண்டனை அடுத்த ரிச்மாண்டில் பிறந்தார். தந்தை லண்டனில் ஹார்ன்சி என்ற பகுதியில் ஒரு ஓட்டலை நடத்தி வந்தார்.

சாப்மன் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் என்ஜினீயரிங் படித்தார். பாலமும் கட்டிடமும் கட்டும் படிப்பு அது. எந்த இடத்தில் எவ்வளவு பாரம் இறங்குகிறது, அதைத் தாங்க எவ்வளவு இரும்பு போதும் என்று கணக்கிடும் கலை. இந்தப் படிப்புதான் பிற்காலத்தில் அவருக்குக் கை கொடுத்தது.

படிக்கும்போதே பழைய கார்களை வாங்கி விற்று நாலு காசு சம்பாதித்தார். அப்போது இரண்டாவது உலகப் போர் முடிந்த சமயம். பெட்ரோலுக்கு ரேஷன். 1947-ம் ஆண்டு கடைசியில் சொந்தக் கார்களுக்குக் கொடுத்து வந்த ரேஷன் பெட்ரோலையும் அரசாங்கம் நிறுத்திவிட்டது. பழைய கார்களை வாங்க ஆள் இல்லை. வியாபாரம் படுத்துவிட்டது.

அவர் கையில் விற்காமல் தங்கியது 1930-ம் வருடத்து ஆஸ்டின் செவன் கார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் நடுத்தரக் குடும்பத்தின் கார் அது. என்ஜின் அளவு 747 சி.சி.தான்.

வேறு யாராக இருந்தாலும் தலையில் கையை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். சாப்மன் காரைப் பிரித்தார். மேல் கூட்டைக் கழற்றி எறிந்தார். ஒட்டுப் பலகையும் அலுமினியத் தகடும் கொண்டு புதிய கூடு செய்தார்.

இந்த வேலை நடந்த இடம், ஹேசல் வில்லியம்ஸ் என்ற பெண்ணின் வீட்டுப் பின்புறம் இருந்த கார் கொட்டகை. ஹேசல் அவருடைய காதலி. 1944-ம் ஆண்டு ஒரு நடன நிகழ்ச்சியில் இருவரும் சந்தித்தார்கள். ஹேசலும் கையில் கருவி எடுத்து உதவினார். 1948-ல் கார் தயாராயிற்று. அதுவே முதல் லோட்டஸ்.

முதல் என்ஜின் மாற்றம்

மேடு பள்ளங்களில் கார் ஓட்டும் போட்டிகளில் முதல் கார் நன்றாக ஓடியது. ஆனால் சாப்மனுக்குத் திருப்தி இல்லை. சின்ன ஆஸ்டின் என்ஜினின் பலம் போதவில்லை.

அடுத்த காரிலும் ஆஸ்டின் அடிச்சட்டத்தையே வைத்துக் கொண்டார். என்ஜினை மட்டும் மாற்றினார். போர்டு கம்பெனியின் சிறு கார்களில் இருந்த என்ஜினைப் பொருத்தினார். அதை ஏன் எடுத்தார்? தெருவுக்குத் தெரு போர்டு கார் ஓடியது. உதிரி பாகம் எங்கும் கிடைத்தது. விலை மலிவு. எந்த மெக்கானிக்கும் பழுது பார்ப்பார்.

1950-ம் ஆண்டு ஜூன் மாதம் சில்வர்ஸ்டோன் மைதானத்தில் நடந்த பந்தயத்தில் இந்தக் காரை ஓட்டி, புகாட்டி என்ற புகழ் பெற்ற பந்தயக் காரைத் தோற்கடித்தார். அதன் பிறகு சாப்மனுக்குப் பந்தயப் பித்து பிடித்துவிட்டது.

ஒரே குழாயில் இரண்டு வீடு

1951-ல் மூன்றாவது கார். ஆஸ்டின் செவன் என்ஜின் உள்ள கார்களுக்கு மட்டுமே ஆன பந்தயத்துக்காகச் செய்தது. இங்கே என்ஜினை மாற்ற முடியாது. எல்லோருக்கும் ஒரே என்ஜின். அப்படியானால் எப்படி ஜெயிப்பது?

அந்த என்ஜினில் 4 சிலிண்டர்கள். ஆனால் பெட்ரோலும் காற்றும் கலந்து உள்ளே போக இரண்டே வாசல்கள். இரண்டு வீட்டுக்கு ஒரே தண்ணீர்க் குழாய் இருந்தால் என்ன ஆகும்? ஒரு வீட்டில் பிடிக்கும்போது அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் குறையும். அதே கதைதான் இங்கும். பக்கத்துச் சிலிண்டர்கள் ஒன்றின் பங்கை ஒன்று பறித்துக் கொண்டன.

சாப்மன் ஒவ்வொரு வாசலுக்கும் நடுவே ஒரு தகட்டைச் செருகி இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி வழி கிடைத்தது. என்ஜின் சீறிப் பாய்ந்தது. மற்ற கார்கள் பின்தங்கின. பிறகு அந்தப் பந்தயத்தை நடத்திய கிளப், இப்படிப் பிரிக்கக் கூடாது என்று விதியையே மாற்ற வேண்டி வந்தது.

25 பவுன் முதலீடு

1952-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி லோட்டஸ் கம்பெனி பிறந்தது. இடம், தந்தையின் ஓட்டலுக்குப் பின்னால் இருந்த பழைய குதிரை லாயம். முதல், ஹேசல் கடனாகக் கொடுத்த 25 பவுன் இங்கிலாந்துப் பணம்.

சாப்மன் பகலில் ஓர் அலுமினியக் கம்பெனியில் வேலை பார்த்தார். மாலையில் லாயத்துக்கு வருவார். நடுநிசி தாண்டியும் விளக்கு எரியும். மறுநாள் காலையில் மறுபடியும் வேலைக்குப் போவார்.

இந்த லாயத்தில் உருவானதுதான் மார்க் 6 என்ற கார். மெல்லிய இரும்புக் குழாய்களை முக்கோண முக்கோணமாகப் பற்றவைத்து, ஒரு கூடு போல அடிச்சட்டம் செய்தார். பாலம் கட்டும் படிப்பு இங்கே பயன்பட்டது. அந்த வெறும் கூட்டின் எடை சுமார் 25 கிலோதான். ஒரு வாலிபர் தனியாகத் தூக்கி விடலாம்.

முதல் மார்க் 6 காருக்கு போர்டு கான்சல் காரின் என்ஜினை எடுத்தார். அதன் அளவு 1,508 சி.சி. பந்தயத்திலோ 1,500-க்குள் இருக்க வேண்டும். வெறும் 8 சி.சி. அதிகம்! சாப்மன் என்ஜினின் உள் அச்சைச் சீவி, பிஸ்டன் ஏறி இறங்கும் தூரத்தைக் கொஞ்சம் குறைத்தார். அளவு 1,500-க்குள் வந்து விட்டது.

ஆனால் அதே ஆண்டில் அந்தக் கார் ஒரு சாலை விபத்தில் நொறுங்கியது. கூட்டாளியாக இருந்த நண்பரும் விலகினார். சாப்மன் மனம் தளரவில்லை. இன்ஷூரன்ஸ் பணத்தை வைத்துக் கொண்டு மறுபடி தொடங்கினார். 1954-ல் ஹேசலை மணந்தார். 1955 தொடக்கத்தில் அலுமினியக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் லோட்டஸ் வேலையில் இறங்கினார்.

பெட்டியில் வந்த கார்

மார்க் 6 காரை முழுக் காராக விற்கவில்லை. தனித்தனிப் பாகங்களாக விற்றார்கள். வாங்குகிறவர் வீட்டில் வைத்துத் தாமே பூட்டிக் கொள்ள வேண்டும்.

இதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த நாளில் இங்கிலாந்தில் முழுக் காருக்குக் கொள்முதல் வரி உண்டு, பெரிய தொகை. பாகங்களாக வாங்கினால் அந்த வரி இல்லை. ஆனால் பாகங்களைச் சேர்த்து காராக்குவது எப்படி என்று எழுதிக் கொடுக்கக் கூடாது என்பது விதி. அதனால், காரைப் பிரிப்பது எப்படி என்று எழுதிக் கொடுத்தார்களாம். அதைக் கடைசியிலிருந்து முதல் வரை படித்தால் கார் தயார்! இப்படி ஒரு வேடிக்கைக் கதை சொல்வதுண்டு.

என்ஜினும் கியர் பெட்டியும் வாங்குகிறவர் பொறுப்பு. அவரவர் பணத்துக்கு ஏற்பத் தேடிக் கொள்வார்கள். பெரும்பாலோர் எடுத்தது 1,172 சி.சி. போர்டு என்ஜின். கொஞ்சம் வசதி உள்ளவர்கள் எம்.ஜி. என்ஜின் எடுத்தார்கள்.

எந்த என்ஜின் நல்லது?

பெரிய என்ஜினாக வாங்கிப் போட்டால் கார் வேகமாக ஓடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாப்மன் அப்படி நினைக்கவில்லை. விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது நம் ஊர்ப் பழமொழி. அவருடைய கணக்கும் அதுதான்.

பெரிய என்ஜின் பெரிய பாரம். அது காரின் மூக்கில் உட்கார்ந்தால் முன் சக்கரங்கள் அழுந்தும். வளைவில் கார் திரும்ப மறுக்கும். பாரத்தைத் தாங்க அடிச்சட்டத்தைக் கனமாக்க வேண்டும். கனமான காரை நிறுத்தப் பெரிய பிரேக் வேண்டும். சூடு தணிக்கப் பெரிய ரேடியேட்டர் வேண்டும். பெட்ரோல் டாங்கும் பெரிதாக வேண்டும். எல்லாம் சேர்ந்து காரை இன்னும் கனமாக்கும். கடைசியில் கூடுதல் பலம் எல்லாம் கூடுதல் பாரத்தை இழுப்பதிலேயே போய்விடும்.

பாரத்தைக் குறைத்தாலோ சின்ன என்ஜினே போதும். நேர் ரோட்டில் மட்டும் அல்ல, வளைவிலும், ஏற்றத்திலும், பிரேக் போடும்போதும் லாபம்.

கியர் பெட்டி விஷயமும் இப்படித்தான். சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கு இது எளிதில் புரியும். எவ்வளவு பலசாலியாக இருந்தாலும் பல்சக்கரம் பொருந்தாவிட்டால் மிதிக்க முடியாது. போர்டு காரின் கியர் பெட்டியில் 3 கியர்கள்தான். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடைவெளி அதிகம். இரண்டாவதில் என்ஜின் கதறும். மூன்றாவதுக்கு மாற்றினால் தூங்கி வழியும். அதனால் இடைவெளி குறைந்த பல்சக்கரங்களை வாங்கி மாற்றிக் கொண்டவர்கள் பலர்.

என்ஜினை ஒரு காரிலிருந்தும் கியர் பெட்டியை வேறு காரிலிருந்தும் எடுத்தால் தொல்லை இரட்டிப்பு. இரண்டும் சேரும் முகம் பொருந்தாது. கிளட்ச் பொருந்தாது. பின் அச்சுக்குப் போகும் தண்டின் நீளம் மாறும். ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கடைசல் வேலை செய்ய வேண்டும். மலிவாக வாங்கிய என்ஜின், கடைசியில் விலை உயர்ந்த என்ஜினாகி விடும். ஆகவே என்ஜினையும் கியர் பெட்டியையும் ஜோடியாக எடுப்பதே புத்திசாலித்தனம்.

1957-ல் வந்த லோட்டஸ் செவன் கார் இந்தக் கணக்குக்கு நல்ல சாட்சி. கையில் காசு குறைந்தவருக்கு 40 குதிரை சக்தி உள்ள போர்டு என்ஜின், 3 கியர். வேகம் வேண்டுபவருக்கு 75 குதிரை சக்தி உள்ள கவன்ட்ரி கிளைமாக்ஸ் என்ஜின். கிளைமாக்ஸ் என்ஜினின் முன்னோர் தீயணைக்கும் பம்பை இயக்கப் பிறந்தவர். ஆட்கள் தூக்கிக் கொண்டு ஓட வேண்டிய பம்பு என்பதால் என்ஜினை லேசாகச் செய்திருந்தார்கள். அந்த லேசுத் தன்மைதான் பந்தயக்காரர்களை மயக்கியது.

1962-ல் போர்டு என்ஜினின் அடிப் பாகத்தை வைத்துக் கொண்டு, மேல் பாகத்தை மட்டும் புதிதாகச் செய்து பொருத்தினார். அந்த 1,500 சி.சி. என்ஜினுடன் ஜிம் கிளார்க் என்ற வீரர் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பாதையில் ஓட்டினார். ஈரமான ரோட்டில், பெரிய பெரிய கார்களை எல்லாம் விட்டு முதல் சுற்றிலேயே 27 வினாடி முன்னால் வந்தார். பிறகு புகைக் குழாய் பழுதாகி அவர் விலக நேர்ந்தது. ஆனால் என்ஜினின் பெயர் நிலைத்துவிட்டது.

திருப்பி வைத்த என்ஜின்

1966-ல் சாப்மன் செய்த வேலை இன்னும் வேடிக்கையானது. யூரோப்பா என்ற காரில் ஓட்டுகிறவரின் முதுகுக்குப் பின்னால் என்ஜின் வர வேண்டும். அதற்கு ஏற்ற மலிவான ஜோடி வேண்டும். பிரான்சு நாட்டு ரெனால்ட் 16 காரைப் பார்த்தார். அதில் என்ஜினும் கியர் பெட்டியும் ஒன்றாக முன்புறம் இருந்தன. முன் சக்கரங்களை ஓட்டின.

அந்த ஜோடியை அப்படியே எடுத்து, முன்பின்னாகத் திருப்பி, காரின் பின்புறம் வைத்தார். ஆனால் ஒரு சங்கடம். திருப்பி வைத்தால் சக்கரம் எதிர்ப் பக்கம் சுற்றும். முன்னே போக ஒரு கியரும், பின்னே போக நாலு கியரும் இருக்கும்! அதற்காகக் கியர் பெட்டிக்குள் இருந்த கிரவுன் பல்சக்கரத்தை மறுபக்கம் மாற்றி வைத்தார்கள். சங்கடம் தீர்ந்தது.

தப்புக் கணக்கும் உண்டு

சாப்மன் எப்போதும் சரியாகவே தேர்ந்தெடுத்தார் என்று சொல்ல முடியாது. 1957-ல் பந்தயக் காருக்காக ஒரு சின்ன கியர் பெட்டி செய்யப்பட்டது. மிகவும் லேசானது. ஆனால் அடிக்கடி தேய்ந்தது, ஒடிந்தது. அதைச் சரி செய்ய வந்தவர் கீத் டக்வொர்த் என்ற இளம் என்ஜினீயர். அடியோடு மாற்றிச் செய்தால்தான் சரிவரும் என்பது அவர் கருத்து. அதற்குச் செலவு செய்ய சாப்மன் இசையவில்லை. டக்வொர்த் வேலையை விட்டார். 1958-ல் மைக் காஸ்டின் என்ற நண்பருடன் சேர்ந்து காஸ்வொர்த் என்ற என்ஜின் கம்பெனியைத் தொடங்கினார்.

1966-ல் பார்முலா 1 பந்தயத்தில் 3 லிட்டர் என்ஜின் வரலாம் என்று விதி மாறியது. அது வரை என்ஜின் கொடுத்து வந்த கிளைமாக்ஸ் கம்பெனி விலகியது. வேறு வழி இல்லாமல் சாப்மன் 16 சிலிண்டர் உள்ள பி.ஆர்.எம். என்ஜினைப் பொருத்தினார். பாறாங்கல் போன்ற கனம்; ஓயாத பழுது. அமெரிக்காவில் ஒரே ஒரு பந்தயத்தில் மட்டும் ஜிம் கிளார்க் அதை வெற்றி பெறச் செய்தார். லேசான காருக்குக் கனமான என்ஜின் ஆகாது என்ற தம் பாடத்தை சாப்மன் தாமே மறுபடி படிக்க நேர்ந்தது.

இப்போது அவர் போய் நின்றது டக்வொர்த்திடம்! பழைய பிணக்கை இருவரும் மறந்தார்கள். போர்டு கம்பெனி ஒரு லட்சம் பவுன் செலவை ஏற்றது. டக்வொர்த் 8 சிலிண்டர் என்ஜினைச் செய்தார். சாப்மன் அதற்கென்றே காரை அமைத்தார். என்ஜினே காரின் பின்பாதிச் சட்டமாகவும் இருந்தது. அதனால் தனிச் சட்டத்தின் பாரம் மிச்சம்.

1967-ம் ஆண்டு ஜூன் 4-ந் தேதி ஹாலந்தில் அந்தக் கார் முதன்முதலாகக் களத்தில் இறங்கியது. கிளார்க் ஓட்டினார். முதல் பந்தயத்திலேயே வெற்றி! அந்த என்ஜின் வகை 1983-க்குள் 155 பார்முலா 1 பந்தயங்களை வென்றது.

வெற்றியும் கண்ணீரும்

சாப்மனின் கம்பெனி 7 முறை உலகச் சாம்பியன் பட்டம் பெற்றது. ஆனால் வெற்றிக்குப் பின்னால் கண்ணீரும் உண்டு.

1968 ஏப்ரல் 7-ந் தேதி ஜெர்மனியில் ஜிம் கிளார்க் விபத்தில் மாண்டார். டயரில் காற்று இறங்கியதே காரணம் என்று கருதப்பட்டது. கிளார்க் அவருக்குச் சகோதரர் போன்றவர். சாப்மன் உடைந்து போனார்.

1970-ல் இத்தாலியில் யோகன் ரிண்ட் என்ற வீரரும் மாண்டார். காரின் முன் பிரேக் தண்டு ஒடிந்ததாகத் தெரிந்தது. பாதையோரத் தடுப்பு வேலியும் சரியாக அமைக்கப்படவில்லை. அந்த ஆண்டுச் சாம்பியன் பட்டம், இறந்த பிறகு அவருக்குக் கிடைத்தது. சாப்மன் பாகங்களை அளவுக்கு மீறி லேசாக்குகிறார் என்ற பேச்சு எழுந்தது. பாரத்தைக் குறைப்பதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டினால் விலை, மனித உயிர்.

கடைசி நாட்களில் அவர் பெயரில் ஒரு கறையும் படிந்தது. டிலோரியன் என்ற காரை உருவாக்கும் வேலையை லோட்டஸ் ஏற்றிருந்தது. அதற்கான பணத்தில் பெரும் தொகை வேறு வழியில் போய்விட்டது. 1992-ல் லோட்டஸ் கம்பெனியின் நிதிப் பொறுப்பில் இருந்தவருக்கு 3 ஆண்டு ஜெயில் தண்டனை கிடைத்தது. அப்போது சாப்மன் உயிரோடு இல்லை.

1982-ம் ஆண்டு டிசம்பர் 16-ந் தேதி, மாரடைப்பால் அவர் காலமானார். வயது 54.

இன்றும் ஓடுகிறது

லோட்டஸ் செவன் காரைச் செய்யும் உரிமையை 1973-ல் கேட்டர்ஹாம் என்ற கம்பெனி வாங்கியது. 50 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் அந்தக் கார் பாகங்களாக வீடுகளுக்குப் போகிறது. தந்தையும் மகனும், தாயும் மகளும் சேர்ந்து பூட்டுகிறார்கள். 2013-ல் அதற்கு 660 சி.சி. சுசூகி என்ஜினைப் பொருத்தினார்கள். சாப்மன் முதலில் பிரித்த ஆஸ்டின் என்ஜினை விடவும் சின்னது! அதனுடன் கியர் பெட்டியும் சுசூகியிலிருந்தே வந்தது. ஜோடி பிரியவில்லை.

கார் வைத்திருப்பவர்கள் நம்மில் சிலர்தான். ஆனால் தம் பலம் என்ன, சுமை என்ன என்று கணக்குப் பார்க்க வேண்டியவர்கள் எல்லோரும்தான். பெரியதைத் தேடி ஓடாமல் பொருத்தமானதைத் தேடியபோது சாப்மன் ஜெயித்தார். அளவு மீறியபோது இடறினார். குதிரை லாயத்தில் தொடங்கிய அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.